பாரம் குறைந்த துவக்கு

தம்பி,

உன்னை ஹீத்ரோவில் இறக்கிவிட்டு வந்து இன்றைக்கு எட்டாவது நாள். நீ புறப்படுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், உன் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து என்னிடம் ஒன்று கேட்டாய். போனில் ஒரு துவக்கின் படத்தைக் காட்டினாய். குழலின் வாயால் வெடிமருந்தைப் போட்டு, சன்னத்தை வைத்து, கம்பியால் இடித்து நிறைக்கிற துவக்கு. எங்கள் ஆட்கள் இடியன் என்று சொல்வது. ஆனால் நீ காட்டியது பழைய இடியன் இல்லை. கார்பன் இழை சுற்றிய குழல், மூன்று கிலோவுக்கும் குறைந்த நிறை, அதற்கேற்ற விலை. நீ இருக்கும் கொலராடோவில் இந்த வகைத் துவக்குக்காரருக்கென்று மட்டும் செப்டம்பரில் சில நாட்களை ஒதுக்குவார்கள் என்றும், வேலையிடத்து நண்பர்கள் இருவரோடு மலையேறி எல்க் என்கிற பெரிய மானைத் தேடிப் போகப் போவதாகவும் சொன்னாய். "அப்பா, இந்த விலைக்கு இது வேர்த்தா?" என்று கேட்டாய். அந்த மேசையில் அப்படியொரு துவக்கை நிறைத்துச் சுட்டவன் நான் ஒருவன்தான்.

நான் வாய் திறப்பதற்குள் உன் அத்தான், விலை குறைந்ததாக, கொஞ்சம் பாரமானதாக ஒன்றை வாங்கினால் என்ன குறை என்று கேட்டார். அதற்கு நீ, "பழைய பாரமான சாமானைக் கொண்டுபோய் யோகன் மாமா மாதிரி நாயைச் சுட்டுட்டு வரச் சொல்லுறீங்களா?" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். அத்தானின் தாய் தகப்பனுக்கு யோகனைத் தெரியாது. நீ அந்தக் கதையை அவர்களுக்குச் சொன்னாய், அவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், தம்பி. தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய் அங்கேயே நின்றுகொண்டேன். அதனால்தான் உனக்குப் பதில் கிடைக்கவில்லை. இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் எழுதவில்லை. அன்றைக்கு அந்த மேசையில் சிரித்த எல்லோரும் படிக்கட்டும் என்று அக்காவுக்கும் ஒரு பிரதி கொடுக்கிறேன்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். மலையில் வேட்டைக்குப் போகிறவன் துவக்கைச் சுடுவது ஒரே ஒரு தரம், சில நாளில் அதுகூட இல்லை. ஆனால் விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை அதைச் சுமந்துகொண்டே நடக்கவேண்டும். காலும் தோளும் களைத்துப்போனால் கை நடுங்கும், கை நடுங்கினால் எந்த நல்ல துவக்கும் உதவாது. அந்த வகையில் பாரம் குறைந்தது நீ போகும் இடத்துக்குப் பொருத்தமானதுதான். ஆனால் அதற்கு இரண்டு குணம் இருக்கிறது. ஒன்று, பாரம் குறையக் குறையத் தோளில் உதைப்பது கூடும். உதைக்குப் பயந்து, சுடும் கணத்தில் கண்ணை மூடும் பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால் லேசில் போகாது. மற்றது, எழுந்து நின்று குறிபார்க்கும்போது மெல்லிய குழல் உன் மூச்சுக்கே அசையும். பாரமானது தன் பாரத்தாலேயே அடங்கி நிற்கும். ஆகையால் வாங்குவதற்கு முதல் யாரிடமாவது இரவல் வாங்கி, சுடும் பயிற்சி இடத்தில் முழு மருந்தும் போட்டு இருபது தரம் சுட்டுப் பார். இருபதாவதுக்கும் உன் தோள் சம்மதித்தால் வாங்கு. எதைக் கொண்டுபோனாலும் உனக்கு ஒரு வெடிதான். அதை நிறைத்து முடிப்பதற்குள் காயப்பட்ட மிருகம் போய்விடும். சந்தேகம் இருந்தால் சுடாதே.

இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்ல விடாமல் செய்தது யோகனின் பெயர்.

உனக்கு ஏழு வயதாக இருந்தபோது நான் ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் ஒரு பண்ணை வீட்டுக்கு வெந்நீர் பொய்லர் திருத்தப் போனேன். பண்ணைக்காரர் எழுபது வயது ஆள், மனைவி இல்லை. சுவரில் இரண்டு பழைய இடியன்கள் தொங்கின. நான் அவற்றையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு ஒன்றை இறக்கிக் கையில் தந்தார். அப்படித்தான் தொடங்கியது. ஒரு வருடத்துக்குள் பொலிசில் முறையாக லைசன்ஸ் எடுத்தேன், கருமருந்து வைத்திருப்பதற்குத் தனியாக ஒரு பத்திரமும் எடுத்தேன். சனிக்கிழமைகளில் அவருடைய வயலில் புறாவும் முயலும் சுடப் போனேன். நாலைந்து வெள்ளைக்காரக் கிழவர்கள் வருவார்கள். அவர்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், தங்கள் வீட்டு பொய்லர் வேலையையும் தந்தார்கள். இந்த நாட்டுக்கு அகதியாக வந்து பதினைந்து வருடத்தில், யாரோ ஒருவருடைய நிலத்துக்கு நான் விருந்தாளியாகப் போனது அதுதான் முதல் தடவை. அது எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது என்பதை இப்போது ஒளிக்காமல் சொல்கிறேன்.

தலைக்கு ஏறியதன் அடையாளம்தான் நான் வாங்கிய துவக்கு. பழைய முறையில் புதிதாகச் செய்த ஒற்றைக் குழல். கையில் எடுத்தால் குடை மாதிரி இருக்கும். அந்தக் கிழவர்கள் ஒருவரிடமும் அப்படியொன்று இல்லை. அதன் விலையை உன் அம்மாவுக்கு இன்றுவரை நான் சரியாகச் சொல்லவில்லை. பண்ணை வயலில் நடக்க மலையேறுகிறவனின் துவக்கு எதற்கு? வரம்பில் நூறு அடி நடப்பேன், பிறகு நிற்பேன். அதைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும்போது மற்றவர்கள் பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

யோகன் எங்களுக்கு உறவில்லை. பதினான்கு வருடம் ஜெர்மனியில் இருந்து, அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டோடு லண்டனுக்கு வந்தவன். குளியலறைகளுக்கு டைல்ஸ் ஒட்டுவது அவன் தொழில். நான் பைப் வேலை செய்த வீடுகளில் அவனும் வேலை செய்ததால் பழக்கமானான். என்னைவிட ஆறு வயது இளையவன், என்னை அண்ணை என்றுதான் கூப்பிடுவான். ஹரோ பூங்காவில் உன் சைக்கிளின் பின்சீற்றைப் பிடித்துக்கொண்டு ஓடியது நானில்லை, அவன்தான் என்பது உனக்கு நினைவிருக்கும். அவனும் வேட்டைக்கு வர ஆசைப்பட்டான். கிழவர்களில் ஒருவர் கைவிட்ட பழைய இடியன் ஒன்றை வாங்கினான். நாலு கிலோவுக்கு மேல் வரும், கட்டையில் வெடிப்பு விழுந்து கம்பி சுற்றியிருந்தது. டைல்ஸ் பசை ஒட்டிய வேலை ஜக்கெற்றோடு வருவான். வரம்பில் குந்தி இருந்து ரொட்டியும் சம்பலும் பிரித்துச் சாப்பிடுவான், கிழவர்களுக்கும் நீட்டுவான். அவனுடைய ஆங்கிலத்தில் பாதி ஜெர்மன். அவர்கள் சிரித்தபடி வாங்கிச் சாப்பிட்டார்கள். ஒருவரும் அவனைக் குறைவாக நினைக்கவில்லை. நினைத்தது நான்தான். அவனோடு சேர்த்து என்னையும் பார்ப்பார்களே என்று கூசினேன். எல்லாவற்றுக்கும் முதல் நடந்த பிழை அதுதான், தம்பி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வந்தது.

பண்ணைக்காரரின் நாய் மில்லியை உனக்குத் தெரியும். இரண்டு தரம் உன்னையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். நீ அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு என் வான் வண்டிக்குள் ஏற மாட்டேன் என்று நின்றாய். அந்தச் சனிக்கிழமை நல்லவேளை நீ வரவில்லை. காலையில் மழை பெய்து விட்டிருந்தது. காற்று இல்லை. புதர்ப் பற்றை வேலியின் இந்தப் பக்கத்தில் நான், எனக்கு இடப்பக்கம் பத்தடி தள்ளி யோகன். பண்ணைக்காரர் எங்களுக்குப் பின்னால் நின்று மில்லியைப் பற்றைக்குள் அனுப்பினார். முயல் வெளியே வந்து வெட்டவெளியில் ஓடும்போதுதான் சுடவேண்டும், பற்றைப் பக்கம் தாழ்த்திச் சுடவே கூடாது. அது அங்கே முதல் நாள் சொல்லித் தந்த விதி. முயல் வந்தது, வெளியே ஓடாமல் வேலியோரமாகத் திரும்பியது. என் துவக்கு எவ்வளவு லேசாகக் கையில் எழும்பியது என்பது இப்போதும் நினைவிருக்கிறது. இடப்பக்கத்தில் ஏதோ சத்தம், அதே கணம் என் துவக்கு வெடித்தது. கருமருந்தின் புகை வெள்ளையாகக் கிளம்பி அந்த ஈரக் காற்றில் போகாமல் எங்கள் இருவரையும் மூடி நின்றது. என் கையே எனக்குத் தெரியவில்லை. புகைக்கு அந்தப் பக்கம் நாய் கத்தியது.

துவக்கின்மேல் பழி போட்டு ஒருமுறை தப்பியவன் நான், இன்னொரு தரம் அதைச் செய்ய மாட்டேன். அது லேசாக இருந்ததால் நான் அவசரப்படவில்லை. மற்றவர்கள் பார்க்க, முதல் முயலை நான்தான் அடிக்கவேண்டும் என்று நினைத்ததால் அவசரப்பட்டேன்.

கிழவர் பற்றைக்குள் போய் மில்லியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். யார் சுட்டது என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. யோகன் என்னைப் பார்த்தான். நான் ஆங்கிலத்தில், தெளிவாக, பதறாமல் சொன்னேன்: "அவருடைய துவக்கு பழையது. விசையை இழுத்துக் கொஞ்சம் பிந்தித்தான் வெடிக்கும். நான் முதலே எச்சரித்திருக்க வேண்டும்." கடைசி வசனத்தைப் பார். பொய் சொன்னது போதாதென்று நல்லவனாகவும் நின்றேன். யோகனுக்கு நான் சொன்னது விளங்கியது, அந்தளவு ஆங்கிலம் அவனுக்குத் தெரியும். அவன் துவக்கைத் தாழ்த்திப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். கிழவர் அவனிடம் இனி இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு மிருக வைத்தியரிடம் ஓடினார். அன்று பின்னேரமே மில்லி செத்துப்போய்விட்டது. திரும்பி வரும்போது என் வானில், என் பக்கத்து சீற்றில்தான் யோகன் இருந்தான். நான் ரேடியோவைப் போட்டேன். வால்தம்ஸ்டோவில் அவனை இறக்கிவிடும்வரைக்கும் யாரோ எங்கேயோ விளையாடிய கால்பந்தைக் கேட்டுக்கொண்டு வந்தோம். அந்தக் கிழமைக்குள்ளேயே அவன் துவக்கையும் லைசன்ஸையும் பொலிசில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான்.

உனக்கும் அம்மாவுக்கும் அக்காவுக்கும் நான் அதே கதையைத்தான் சொன்னேன். நீ இரண்டு நாள் அழுதாய். ஒரு மாதம் கழித்து யோகன் வீட்டுக்கு வந்தான். ஏன் வந்தான் என்று அப்போது யோசித்துப் பயந்தேன். கதவைத் திறந்தது நீ. உள்ளே விடாமல் வாசலில் நின்றபடி, "ஏன் மாமா மில்லியைச் சுட்டனீங்கள்?" என்று கேட்டாய். நான் உனக்குப் பின்னால், படிக்கட்டடியில் நின்றேன். அவன் உன் தலைக்கு மேலால் என்னைப் பார்த்தான். என் வாய்க்குள் நாக்கு இருந்தது, தம்பி. ஒரு சொல் போதும். நான் சொல்லவில்லை. அவன் குனிந்து, உன் முகத்துக்கு நேரே வந்து, "சொறி ராசா, மாமாவிலைதான் பிழை" என்று உன்னிடம் மன்னிப்புக் கேட்டான். நீ கதவை அவன் முகத்தில் அடித்துச் சாத்தினாய். நான் அதைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை. ஏன் வருவதில்லை என்று அம்மா கேட்கும்போதெல்லாம், வெட்கத்தில் வரமாட்டான் என்று சொன்னேன்.

நான் மட்டும் இன்னும் நாலு வருடம் அந்தப் பண்ணைக்குப் போனேன். கிழவர் இறக்கும்வரை ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் கார்ட் அனுப்பினார், ஒவ்வொன்றையும் நான் மேசையில் நிறுத்தி வைத்தேன். பிறகு துவக்கை விற்றேன். இத்தனை காலமும் எனக்குள் ஒரு ஒதுங்கிடம் இருந்தது. இடப்பக்கத்தில் சத்தம் கேட்டதுதானே, அவனுடையதும் வெடித்திருக்கலாம், எந்தச் சன்னம் பட்டதென்று யாருக்குத் தெரியும் என்று அதற்குள் போய் ஒதுங்கிக்கொள்வேன். ஆனால் அன்றைக்கு அந்த மேசையில் நீ சிரித்தபோது, அவனுடைய பெயர் எங்கள் குடும்பத்தில் ஒரு பகிடியாகிவிட்டதைக் கண்டேன். நாளைக்கு உன் பிள்ளைக்கும் இதைச் சொல்லுவாய், துவக்கைக் கவனமாகப் பிடிக்கவேண்டும் என்பதற்கு உதாரணமாக.

போன செவ்வாய்க்கிழமை மெற்றோபொலிற்றன் லைனில் ஏறி, கிங்ஸ் குரொஸில் மாறி வால்தம்ஸ்டோவுக்குப் போனேன். இருபத்தொரு வருடத்தில் முதல் தடவை. போன் எடுத்துச் சொல்லிவிட்டுப் போகத் தைரியம் வரவில்லை. யோகன்தான் கதவைத் திறந்தான். முழங்கால் இரண்டும் பழுதாகிவிட்டது, டைல்ஸ்காரர்களுக்கு வருவதுதான். இப்போது தானே ஒட்டுவதில்லை, ஆட்களை வைத்துச் செய்விக்கிறான். என்னை வரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. உள்ளே நடந்தான், நான் பின்னால் போனேன். அவன் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். நான் ஒத்திகை பார்த்து வந்த வார்த்தைகளில் ஒன்றும் வரவில்லை. அன்றைக்கு நாயைச் சுட்டது என் துவக்காகத்தான் இருக்கவேண்டும் என்று தொடங்கினேன். 'இருக்கவேண்டும்' என்று சொன்னேன் பார்த்தாயா, அப்போதும் என் ஒதுங்கிடத்தை விடவில்லை.

அவன் தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் தள்ளி வைத்தான். பிறகு சொன்னான்: "அண்ணை, என்ரை வெடிக்கவே இல்லை. மருந்து நனைஞ்சு போச்சு. கேப் மட்டும்தான் படக்கெண்டது."

கேப் என்பது விசையை இழுத்ததும் முதலில் பொறி தட்டுகிற சின்ன மூடி. அதன் சத்தத்தைத்தான் நான் கேட்டிருக்கிறேன். நிறைத்த மருந்தும் சன்னமும் வெடிக்காமல் குழலுக்குள்ளேயே கிடந்திருக்கின்றன. இடிக்கிற கம்பியை அந்த இடத்திலேயே குழலுக்குள் விட்டுப் பார்த்திருந்தால், கம்பி அடிவரை போகாமல் பாதியில் தட்டுப்பட்டிருக்கும். கிழவருக்கு அதற்குமேல் ஒரு சாட்சியும் தேவைப்பட்டிருக்காது. யோகனுக்கு அது தெரியும். தோளில் உதைக்காத துவக்கு வெடிக்கவில்லை என்பது அவனுக்கு அந்தக் கணமே தெரியும். கேப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, நிறைத்த துவக்கைத் தன் இரண்டு காலுக்கும் நடுவில் வைத்தபடிதான் என் வானில், நான் போட்ட கால்பந்தைக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறான். அடுத்தநாள் வீட்டுப் பின்வளவில் வைத்துச் சன்னத்தைக் கிண்டி எடுத்து, ஈர மருந்தைத் தண்ணீர் விட்டுக் கழுவி ஊற்றிவிட்டானாம்.

ஏன் கம்பியை விட்டுக் காட்டவில்லை என்று கேட்டேன். "நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்" என்றான். "வயலிலை பாத்தன். வானிலை பாத்தன். ஒரு மாசம் பொறுத்து உங்கடை வீட்டை வந்தும் பாத்தன்."

ஒன்பது வயதுப் பெடியனிடம் எதற்காக மன்னிப்புக் கேட்டாய் என்று கேட்டேன். கேட்கும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவன் முதல் தடவையாகக் கோபப்பட்டான். "அவன் உங்கடை பிள்ளை. உங்களுக்கு முன்னாலை வைச்சு, உன்ரை அப்பன் பொய்யன் எண்டு நான் சொல்லுறதே? அது நீங்கள் செய்ய வேண்டிய வேலை. இண்டைக்கும் என்னட்டை வந்து சொல்லுறியள். எனக்கு இது தெரிஞ்ச விசயம்தானே அண்ணை."

என்னை மன்னித்துவிட்டதாக அவன் சொல்லவில்லை. நான் அதைக் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் அதுவும் அவனிடமிருந்து ஒன்றைப் பறித்ததாகவே இருந்திருக்கும். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்தேன். கதவடியில், நீ எப்படி இருக்கிறாய், எங்கே இருக்கிறாய் என்று விசாரித்தான். சொன்னேன். கேட்டுத் தலையாட்டினான்.

அன்றிரவே அம்மாவிடம் சொன்னேன். அவள், அந்தப் பிள்ளை யோகனைக் கல்யாணத்துக்கு, பிறந்தநாளுக்கு ஒன்றுக்கும் கூப்பிடாமல் விட்டோமே என்றாள். என்னைத் திட்டியிருந்தால் லேசாக இருந்திருக்கும். இரண்டு நாளாக அவள் என்னோடு அதிகம் பேசுவதில்லை.

தம்பி, உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. மலையில் உன்னோடு வருகிறவர்களில் யாராவது ஒருவன் பழைய துவக்கோடும் அழுக்கு ஜக்கெற்றோடும் வந்தால் அவனுக்குப் பக்கத்தில் நட. பிழையாக ஒன்று நடந்தால் புகை அடங்குவதற்கு முதல் வாயைத் திற. அடங்கிய பிறகு திறப்பது ஒவ்வொரு நாளும் இன்னும் கடினமாகும். நான் இருபத்தொரு வருடம் எடுத்தேன். அன்று வாசலில் உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியவன் நான். மில்லியைச் சுட்டதற்கும், அதைவிட, ஒரு நல்ல மனிதனின் முகத்தில் ஒன்பது வயதில் உன்னைக் கதவைச் சாத்த வைத்ததற்கும் இப்போது கேட்கிறேன்.

யோகனின் நம்பரை இத்துடன் தனியாக ஒரு தாளில் வைத்திருக்கிறேன். அவன் மாலை ஆறு மணிக்குப் பிறகுதான் வீட்டில் இருப்பான். உனக்கு அது காலை பதினொரு மணி. முதலில் அவனைக் கூப்பிடு. என்னை, உனக்கு மனம் வந்தால், பிறகு.

அப்பா